கட்டாத வீட்டில் பால் காய்ச்சியவள்

இன்னும் அஸ்திவாரத்துக்கு ஒரு கூடை மண்கூட அள்ளாத கட்டடத்தின் ஏழாவது மாடியில் சற்குணம் பால் காய்ச்சிய அன்றைக்கு, சீயக்காத் தோட்டம் முழுக்கப் பால் தீய்ந்த வாசனை அடித்தது. குழாயடியில் நின்றவர்கள் யார் வீட்டிலோ அடுப்பை மறந்துவிட்டார்கள் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், மீன்கூடைக்காரி கூடையை இறக்கிவைத்து மூக்கை உறிஞ்சிவிட்டு இது பாக்கெட் பால் இல்லை, கறந்த பால் என்று தீர்ப்பு சொன்னாள், அப்புறம் எல்லோருமாக வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சமுதாயக் கூடத்தில் நின்றார்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, அதன் மேல் தலையில் மாட்டுகிற அந்தக் கறுப்புக் கண்ணாடி இருந்தது, நாற்காலிக்குக் கீழே சற்குணத்தின் சின்னச் செருப்பு ஜோடியாக இருந்தது. சற்குணம் இல்லை. அவள் புருஷன் ஏழுமலை, பெண்டாட்டி ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்கிற குரலில், "உள்ள போய்ட்டா" என்றான்.

அதெப்படி ஒரு பொம்பளை கண்ணாடிக்குள்ளே போவாள் என்று கேட்கிற ஆளா நீங்கள், அப்படியானால் இந்தக் கதை உங்களுக்குச் சரிப்பட்டு வராது, இப்போதே எழுந்து போய் வேறு வேலையைப் பார்க்கலாம். தோட்டத்தில் ஒரு ஜீவன்கூட அதைக் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான், பால் பொங்கி எந்தப் பக்கம் வழிந்தது என்பதுதான். கிழக்குப் பக்கம் என்று கூடத்து டிவியில் பார்த்திருந்த ஏழுமலை சொன்னதும், அப்ப சரி என்று பாதிப் பேர் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

சீயக்காத் தோட்டத்தில் சீயக்காயும் கிடையாது, தோட்டமும் கிடையாது. கால்வாய் ஓரத்தில் மூன்று மாடிப் பழைய குடியிருப்பு, கூரையிலிருந்து காரை உதிர்ந்து சோற்றில் விழும், மழை வந்தால் சுவர் வியர்க்கும், ஆனாலும் அங்கே பிறந்தவர்களுக்கு அங்கேதான் சாகவேண்டும். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் உயரமாகக் கட்டித் தருகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. வந்த கம்பெனி கட்டப்போகிற வீட்டை முதலில் கண்ணாடிக்குள் கட்டிக் கொண்டுவந்திருந்தது. கண்ணாடியைத் தலையில் மாட்டினால் அந்த வீட்டுக்குள் நடக்கலாம், கதவைத் திறக்கலாம், ஜன்னலில் நின்று தூரத்துக் கடலைப் பார்க்கலாம், நீங்கள் பார்ப்பதைக் கூடத்து டிவியில் ஊரே பார்க்கலாம். எல்லாம் பார்த்து முடித்தால் வாசல் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் அந்தக் குடும்பத்துக்கு வீடு சம்மதம் என்று அர்த்தம். மாசக் கடைசிக்குள் அமுக்காதவர்களுக்கு ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்தையும் தாண்டி, எங்கேயோ ஒரு குடியிருப்பில் இடம் கொடுத்துவிடுவார்கள்.

கண்ணாடி ஒன்றுதான், வீடும் ஒன்றுதான், ஆனால் போய்வந்தவர்கள் சொன்ன கதை ஒன்றாக இல்லை. மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர் சமையலறை வரைக்கும் போவதற்குள் தலை சுற்றி வாந்தி எடுத்துவிட்டார். ஒற்றைக் கண் டெய்லர் காதர் பாய்க்குச் சுவர் எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை, தடவிக்கொண்டே போய்த் தடவிக்கொண்டே வந்தார். உயரம் என்றால் நடுங்குகிற ஒருத்தி பால்கனிக்குத் தவழ்ந்து போனாள், கூடத்துத் தரையில் நிஜமாகவே தவழ்ந்தாள். எதிர்வீட்டு நாகபூஷணம் கொண்டையை அவிழ்க்கமாட்டேன், பூவும் நசுங்கக் கூடாது என்று கண்ணாடிப் பட்டையைக் கோணலாக மாட்டிக்கொண்டாள், அதனால் அவளுக்கு வீடே ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தது, கட்டும்போதே சாய்த்துக் கட்டுகிறார்கள் என்று வெளியே வந்து ஒரு பாட்டம் திட்டினாள். கண்ணாடியை மாட்டிவிடுகிற கம்பெனிப் பையன் தினகரை எல்லோரும் கண்ணாடி சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான், பழகினா சரியாயிடும்.

எல்லோருக்கும் பொதுவாக அங்கே ஒன்று உண்டு. உள்ளே போய்க் குனிந்து பார்த்தால் உங்கள் கை இருக்காது, நீளமான வெளுத்த ஒரு ஆம்பளைக் கை இருக்கும், முழுக்கைச் சட்டையில் மடிப்புக் கலையாமல். கிழவிக்கும் அதே கைதான், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அதே கைதான். ஐந்தே முக்கால் அடி உயரத்தில் நெட்டையாக ஒருத்தனைச் செய்து வைத்து, அவன் கண்ணால்தான் தோட்டமே வீடு பார்த்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பார்த்தார்கள், அமுக்கினார்கள், வந்தார்கள்.

சற்குணம் விஷயம் வேறே. அவள் நின்றால் ஏழுமலையின் இடுப்புக்கு மேலே ஒரு சாண் இருப்பாள், வளர்ந்தது அவ்வளவுதான், வயசு நாற்பதைத் தாண்டியும். மாவு அரைத்து விற்கிறவள், வாய் மட்டும் தோட்டத்திலேயே பெரிசு. கையில் எப்போதும் ஒரு முக்காலி இருக்கும். பேங்குக்குப் போனாலும் பஸ் ஏறினாலும் கோயிலில் சாமி பார்த்தாலும் முக்காலியைப் போடுவாள், ஏறுவாள், வேலையை முடிப்பாள், எடுத்துக்கொண்டு வருவாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் அவளும்தான் முதலில் சந்தோஷப்பட்டாள், பிரிட்ஜுக்கு மேல்பக்கம் என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் அந்த உயரத்தில் நின்று அனுபவித்துவிட்டு, அப்புறம் குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள்.

"இது யார் கை சார்?"

"அது எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா. நடுத்தரமா ஒரு ஆளை வச்சிருக்கோம்."

"இந்த ஆளை எங்க தோட்டத்துல நான் பார்த்ததே இல்லியே. என் உசரத்துக்கு எறக்கி உடு, என் ஊட்ட நான் பாக்குறேன்."

தினகர் நல்ல பையன், இறக்கிவிட்டான். சமையல் மேடை அவள் கழுத்துக்கு வந்தது. கதவுத் தாழ்ப்பாள் தலைக்கு மேலே போனது. ஜன்னல் இருந்தது, கடல் இல்லை, வானம் மட்டும் தெரிந்தது. பச்சைப் பொத்தான் எங்கேயோ மேலே, எக்கினாலும் எட்டாத இடத்தில், பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. மறுபடி உசத்திவிடுகிறேன், ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு வந்துவிடுங்கள் என்று தினகர் கெஞ்சினான்.

"நெட்டையன் அமுக்கினா அது நெட்டையன் சம்மதம் சார். குடி போறது நானு."

மாசம் தேய்ந்துகொண்டே வந்தது. தோட்டத்தில் எல்லோரும் அமுக்கிவிட்டார்கள், சற்குணம் மட்டும் பாக்கி, அவள் கணக்கு முடியாமல் இடிக்கிற வேலை தொடங்காது. நாகபூஷணம் குழாயடியில் வைத்தே பிடித்துக்கொண்டாள். "இன்னாமே, உன் ஒருத்தியால அல்லாருக்கும் பேஜாரு. சொம்மா அமுக்கிட்டு வாயேன், அப்பால பாத்துக்கலாம்." அப்பால பார்த்துக்கொண்ட எதுவும் தோட்டத்தில் நடந்ததில்லை என்று சற்குணம் திருப்பிக் கொடுத்தாள். ஆனால் வீட்டுக்குள் வந்து கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்தபோது அழுகை வந்துவிட்டது. ஊருக்கு வெளியே போய் அவள் யாருக்கு மாவு விற்பாள், காக்காய்க்கா. மேலே இருப்பதையெல்லாம் நான் எடுத்துக் கொடுக்கிறேன்மே, அமுக்கிடு என்று ஏழுமலை அவள் தலையைத் தடவினான்.

"நீ ஆட்டோ ஓட்டிக்கினு சுத்துவ, உப்பு டப்பாவுக்கு நான் உனக்குப் போன் போடணுமா? பொறந்ததுலேர்ந்து எக்கி எக்கியே என் காலு தேஞ்சிடுச்சிய்யா. என் ஊட்லயாவது நான் எக்காம நிக்கணும்."

 எக்குகிற வலி ஆறடி ஏழுமலைக்கு எங்கே தெரியும்.

மறுநாள் காலையில் அவள் குளித்து, மஞ்சள் பூசி, கறந்த பாலைக் குண்டானில் எடுத்துக்கொண்டு, சர்க்கரை, தீப்பெட்டி, முக்காலி எல்லாவற்றோடும் கூடத்துக்கு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். இது எதுக்குக்கா என்று தினகர் கேட்டான். புது வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை, அன்றைக்கே கொண்டுவந்திருக்கவேண்டும், மறந்து தொலைத்துவிட்டேன் என்றாள் அவள்.

"அக்கா, அது வெறும் படம்."

"அப்ப படத்துக்குத்தான் சம்மதம் கேட்டியா?"

அவன் அவள் உயரத்துக்கே இறக்கி மாட்டிவிட்டான். சற்குணம் செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை எடுத்து வைத்தாள், மேடையோரம் முக்காலியைப் போட்டு ஏறினாள், அடுப்பைப் பற்றவைத்தாள், பால் ஏறியது, ஏறிப் பொங்கியது, பொங்கிக் கிழக்கே வழிந்து தீய்ந்து ஒரு பழுப்பு வளையமாக அடுப்பைச் சுற்றிப் படிந்தது. வழிந்த பாலைத் துடைக்கப் போனபோது பார்க்கிறாள், நெட்டையன் கை போயிருந்தது, நகக்கண்ணில் மாவு காய்ந்த அவளுடைய சொந்தக் கை இருந்தது. பால் காய்ச்சின வீட்டில் ஒரு ராத்திரியாவது தங்காமல் வரக்கூடாது, அது அவளுக்குத் தெரியும். அவள் தங்கிவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது.

தோட்டம் அதற்கு ஒரு நாளில் பழகிக்கொண்டது. காலையில் யாரோ பிளாஸ்டிக் நாற்காலி முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். பால்காரன் நாற்காலியில் பாக்கெட்டை வைத்துவிட்டுத் திரும்பினால் பாக்கெட் இருக்காது. ஏழுமலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிரைண்டரைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்தான், எழுந்தபோது கை காலியாக இருந்தது. அப்புறம் மாவு வேண்டும் என்கிறவர்கள் வரிசையில் நின்று கண்ணாடி மாட்டி உள்ளே போய் மாவு வாங்கி வந்தார்கள், அங்கே கரண்ட் போவதே இல்லை என்பதால் மாவு முன்னைவிட நைசாக இருந்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கூட்டம் சேர்ந்ததும் வாசலில் ஒருத்தர் சுண்டல் போட ஆரம்பித்தார். தினகர் ஒருத்தன்தான் ஆபீசுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கவலைப்பட்டான், அவனுக்கும் இட்லி கொடுத்து உட்காரவைத்தார்கள்.

உள்ளே வந்த எல்லோரும் சற்குணத்துக்கு நெட்டையனாகத்தான் தெரிந்தார்கள், அதே கை, அதே சட்டை. ஆனால் அவளுக்கு ஆள் மாறிப் போகவில்லை. வாசலில் இடிக்காத கதவு நிலைக்கும் தலையைக் குனிந்துகொண்டு வந்த நெட்டையன் அவள் புருஷன், ஆயுசு பூரா நெற்றியில் இடித்துக்கொண்ட பழக்கம். சுவரைத் தடவிக்கொண்டு வந்த நெட்டையன் காதர் பாய். உள்ளே நுழைந்ததும் கையைத் தூக்கிப் பின்னந்தலையில் பூ இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த நெட்டையனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வா நாகபூஷணம், பால் குடி."

சண்டை போடத்தான் நாகபூஷணம் வந்தாள். ஆனால் பால் காய்ச்சின வீட்டில் கொடுக்கிற பாலை வேண்டாம் என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் எவளுக்கும் வாய் வராது. டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள், கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் உதட்டில் பால் மீசை வந்தது, உள்ளே நெட்டையன் உதிர்ந்துபோய் அவளே நின்றாள், அவள் கொண்டை, அவள் பூ, அவள் பெரிய உடம்பு. வீடு இப்போது அவளுக்குச் சாயவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள் குளியலறைக் கதவில் மாட்டிக்கொண்டாள். முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் வரமுடியவில்லை. நெட்டையனாகப் போனபோது விசுக்கென்று நுழைந்து விசுக்கென்று வந்த அதே கதவு.

"இத்தப் பாக்காமயா அமுக்கினேன்," என்றாள். வெளியே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அவரவர் அமுக்கிவிட்டு வந்த வீடு அவரவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

சற்குணம் அவளை இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிற மாதிரி அந்தச் சுவரைத் தட்டி, "கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள். சுவர் தள்ளிக்கொண்டது. பால் காய்ச்சின வீடு, வீட்டுக்காரி சொன்னால் கேட்காமல் என்ன செய்யும். நாகபூஷணம் வெளியே வந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, சற்குணத்தைக் கட்டிப்பிடித்து, அவளைத் தரையிலிருந்து தூக்கியே விட்டாள். இறக்கிவிட்டதும் சற்குணம் சமையல் மேடையைப் பார்த்து, "நீயும் எறங்கு" என்றாள். அது இறங்கி அவள் இடுப்புக்கு வந்து நின்றது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்து, குதிகால் தரையில் பதிய, கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

அப்புறம் தோட்டமே வந்தது. ஒவ்வொருத்தராக வந்து பாலைக் குடித்துத் தாங்களாக மாறி, தங்களுக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்தார்கள், சற்குணம் சொல்லச் சொல்ல வீடு கேட்டது. காதர் பாய்க்குச் சுவர் விளிம்பெல்லாம் மஞ்சளாயிற்று, கதவு எங்கே என்று அவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. தவழ்ந்து போனவளுக்குப் பால்கனிச் சுவர் மார்பு வரை உயர்ந்தது, அவள் எழுந்து நின்று முதல்முறையாகக் கடலைப் பார்த்தாள். மீன்பாடி வண்டிக்காரருக்கு வீடு ஆடாமல் நின்றது. ஒருத்தருக்குச் செய்தது இன்னொருத்தருக்கு இடைஞ்சலாக இல்லை, வந்தவருக்கு வந்தபடி வீடு தன்னை மாற்றிக்கொண்டது. ஆனால் பச்சைப் பொத்தான் மட்டும் இறங்கவில்லை. சற்குணம் கெஞ்சினாள், அதட்டினாள், அது அசையவில்லை. அது வீட்டோடது இல்லை, கம்பெனியோடது. முக்காலி போட்டு எக்கி அமுக்குகிற சம்மதமும் அவளுக்கு வேண்டாம்.

மாசக் கடைசி அன்றைக்கு மேனேஜர் வேதமூர்த்தி வந்தார். ஆபீசில் இருக்கிற வரைபடத்தில் சுவரெல்லாம் தானாக நகர்கிறது, யார் இதையெல்லாம் நோண்டுவது என்று தினகர் மேல் விழுந்தார். கண்ணாடி மிஷினை நிறுத்திவிட்டு முதலிலிருந்து போடு என்றார். நிறுத்தினால் உள்ளே இருக்கிற சற்குணம் என்ன ஆவாள் என்று தினகருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. ஏழுமலை தன் ஆறடி உடம்பை மிஷின் பிளக் இருக்கிற சுவரோரம் நீட்டிப் படுத்துக்கொண்டான். அவனைச் சுற்றி நாகபூஷணமும் மற்றப் பெண்களும் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார்கள்.

"அம்மா, நேரம் போகுது. அந்த அம்மாவை வெளிய வரச் சொல்லுங்க," என்றார் வேதமூர்த்தி.

"அது அவ ஊடு. நீங்க போய் வாசல்ல நின்னு கூப்பிடுங்க சார், வருவா."

வேறு வழியில்லாமல் அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டார். செருப்பைக் கழட்டுங்க என்றார்கள், ஷூவைக் கழற்றினார். உள்ளே நெட்டையனாக, மடிப்புக் கலையாமல், அவருக்கென்றே தைத்த சட்டையில் போய் நின்றார். சற்குணம் வாங்க சார் என்றாள், டம்ளரை நீட்டினாள். அவரும் நம்ம ஊர்க்காரர்தானே, கை தன்னால் நீண்டுவிட்டது. குடித்தார். டிவியில் அதைத் தோட்டமே பார்த்தது. நெட்டையன் உதிர்ந்தான், உள்ளே வேதமூர்த்தி நின்றார், உயரமான ஷூ இல்லாமல், வழுக்கைத் தலையோடு, சற்குணத்தைவிட ஒரு சாண் மட்டும் கூடுதலாக.

"பாருங்கம்மா, இதுல ஒண்ணும் இல்ல, இதோ இப்படி அமுக்கணும்," என்று பச்சைப் பொத்தானை நோக்கிக் கையைத் தூக்கினார். எட்டவில்லை. எக்கினார். விரல் நுனிக்கும் பொத்தானுக்கும் நடுவே இன்னும் இடம் இருந்தது. ஒருமுறை குதித்தும் பார்த்தார், வெளியே நாற்காலி கிறீச்சிட்டது.



"முக்காலி போடட்டுமா சார்?" என்றாள் சற்குணம், கிண்டலே இல்லாமல். எக்குகிறவர்களின் கால்வலி அவளுக்குத் தெரியும்.

அவர் முக்காலியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மாவு படிந்த அவள் கையைப் பார்த்தார். அந்த நெட்டையனை வரைந்தது அவர்தான். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சிலேயே கடைசி வரைக்கும் உட்கார்ந்தவர், வரைகிற வேலை கிடைத்ததும் தான் ஆகாமல் போன ஆளை வரைந்துவைத்துவிட்டார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அங்கே நின்றபடி அவருக்குச் சிரிப்பு வந்தது, முதலில் மெதுவாக, அப்புறம் வயிறு குலுங்க. "தினகர்," என்றார், "பொத்தானைக் கீழ எறக்குப்பா. இன்னும். இன்னும் கீழ. ஆங், அங்கதான். வரைபடத்துல மாறினதெல்லாம் மாறினபடியே இருக்கட்டும்."

பொத்தான் சற்குணத்தின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. அவள் உடனே அமுக்கிவிடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள், வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள், முதல்ல தோட்டத்துல மத்தவங்க அமுக்கினதையெல்லாம் எடுத்துடு சார், அவங்களும் அவங்க கையால அமுக்கட்டும் என்றாள். அப்புறம் குதிகால் தரையில் இருக்க, தன்னுடைய குட்டை விரலால், கட்டாத அந்த வீட்டுக்குச் சம்மதம் சொன்னாள். கூடத்தில் மேளம் வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை, ஆனாலும் எங்கிருந்தோ மேளம் வந்துவிட்டது, வடசென்னையில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. வேதமூர்த்தி எழுந்த நாற்காலியில், அவர் கழற்றிவைத்த கண்ணாடியைக் கையில் பிடித்தபடி சற்குணம் உட்கார்ந்திருந்தாள், மடியில் கிரைண்டர், காலடியில் குண்டான். முக்காலியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள், இனிமேல் என்னத்துக்கு என்று.

கட்டடம் எழும்பியது. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு தினுசாக இருந்தது, கொத்தனார்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு ரசித்துக் கட்டினார்கள். குடி போகிற அன்றைக்கு லிப்டில் பொத்தானை அமுக்க ஏழுமலை முட்டி மடங்கக் குனியவேண்டியிருந்தது. ஏழாவது மாடியில் கதவைத் திறந்து சற்குணம் உள்ளே போனாள், கூட நாகபூஷணம் கொண்டையும் பூவுமாகப் பால் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜன்னலில் கடல் இருந்தது, சற்குணத்தின் கண்ணுக்கு நேராகவே இருந்தது. புத்தம்புது அடுப்பைச் சுற்றி, கிழக்குப் பக்கம் கொஞ்சம் தடிப்பாக, பழுப்பு நிறத்தில் ஒரு பால் வளையம் படிந்திருந்தது. ஏற்கெனவே காய்ச்சியாச்சே, மறுபடியுமா என்று நாகபூஷணம் கேட்டாள். காய்ச்சு, கூட்டம் நிறைய என்றாள் சற்குணம்.

மேடையோரம், அவள் விட்டுவிட்டு வந்த அதே இடத்தில், முக்காலி கிடந்தது. ஏழுமலை ஏதாவது உதவி செய்கிறேன் என்று மேடையருகே வந்து நின்றான். மேடை அவன் தொடைக்கு இருந்தது. குனிந்து கத்தியை எடுத்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இங்க நின்னு வேலை செஞ்சா என் முதுகு போய்டும்மே" என்றான்.

சற்குணம் முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"குந்துய்யா," என்றாள், "குந்திக்கினு வெங்காயத்த உரி."